கோளாறு டேங்க்கிலா, தாளிலா? கன்ட்ரோல் சிஸ்டம் கணக்கைப் பழுது பார்க்கும் விதம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரும்பு ஸ்டாண்டு நிற்கிறது. மேல்பக்கம் அறுத்த 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் மூன்று அதில் படிப்படியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய். கீழே பக்கெட்டில் ஏர்கூலர் மோட்டார், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன போர்டு. மணலிப் பக்கம் இன்ஸ்ட்ரூமென்ட் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மாலையில் டிப்ளமோ, பி.இ. பிள்ளைகளுக்குக் கன்ட்ரோல் சிஸ்டம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஸ்டாண்டுதான் எங்கள் லேப். உப்புக்காற்றுக்கு வருடம் ஒரு முறை பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு செலவு கிடையாது.

பிள்ளைகள் கொண்டு வரும் புகார் எதுவானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கோளாறு டேங்க்கிலா, தாளிலா? அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே டேங்க்கை வேறு நிலை மாறிகளை (சிஸ்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் எண்கள், இங்கே தண்ணீர் மட்டங்கள்) வைத்து எழுதிப் பாருங்கள். சென்டிமீட்டருக்குப் பதில் மீட்டரில் எழுதலாம். இரண்டு மட்டங்களுக்குப் பதில் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் எடுக்கலாம். மாற்றி எழுதியதும் கோளாறு காணாமல் போனால் அது தாளில் இருந்தது. எப்படி எழுதினாலும் கூடவே வந்தால் அது டேங்க்கில் இருக்கிறது, பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பலன் இல்லை. ஒரே நிபந்தனை, மாற்றியதைத் திரும்பப் பழையபடி மாற்ற முடிய வேண்டும். டிரான்ஸ்பர் ஃபங்ஷனாக, அதாவது உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள உறவை மட்டும் எஸ் என்ற மாறியில் ஒரு பின்னமாக, எழுதுவது இந்தக் கணக்கில் வராது. அது ஏன் என்று இரண்டாவது புகாரில் தெரியும்.

கீழே ஏ, பி, சி என்பவை உங்கள் புத்தகத்தில் உள்ள அதே மேட்ரிக்ஸ்கள்: ஏ நிலை மாறிகள் தாமாக மாறும் விதம், பி மோட்டார் அவற்றைத் தள்ளும் விதம், சி சென்சார் பார்ப்பது. கட்டத்துக்குள் அரைப்புள்ளி வந்தால் அடுத்த வரிசை என்று படியுங்கள்.

"எனக்கும் அவனுக்கும் வேற வேற மேட்ரிக்ஸ் வருது சார்"

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. மேல் கேன் கீழ் கேனில் வடிகிறது, கீழ் கேன் பக்கெட்டில் வடிகிறது. மட்டங்கள் ம₁, ம₂. மோட்டார் தள்ளுவது யு, நாம் அளப்பது ஒய். மேலே ′ போட்டால் அது மாறும் வேகம். நேரம் நிமிடத்தில்.

ம₁′ = −2ம₁ + யு
ம₂′ = 2ம₁ − ம₂
ஒய் = ம₂

ஏ = [−2 0; 2 −1], பி = [1; 0], சி = [0 1]. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இதே கேன்களுக்கு 2/(எஸ்² + 3எஸ் + 2) என்று டிரான்ஸ்பர் ஃபங்ஷன் எழுதி, அதிலிருந்து ஏ = [0 1; −2 −3], பி = [0; 1], சி = [2 0] என்று வந்து நிற்கிறான். இரண்டும் சரி. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ஒன்று, ஆள் ஒன்றுதான்.

ஒரே ஆள்தானா என்று பார்க்க முதலில் மூலைவிட்டக் கூட்டலைப் பாருங்கள், இரண்டிலும் −3. அப்புறம் டிட்டர்மினன்ட், இரண்டிலும் 2. இதோடு நிறுத்திவிடக் கூடாது, பி-யிலோ சி-யிலோ தப்பு இருந்தால் இந்த இரண்டும் கண்டுபிடிக்காது. சிபி, சிஏபி, சிஏ²பி, சிஏ³பி என்று நான்கு எண்களைப் போடுங்கள். மார்கோவ் எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். முதல் ஆளுக்கு 0, 2, −6, 14. இரண்டாமவனுக்கும் 0, 2, −6, 14. நிலை மாறிகள் இரண்டு என்றால் நான்கு எண்கள் ஒத்துப்போனால் போதும், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றேதான். வழக்கமாக நடக்கும் தப்பு, கடைசி வரிசையில் −3க்குப் பதில் 3 எழுதுவது. அப்போது மூன்றாவது எண்ணே −6க்குப் பதில் 6 என்று காட்டிக் கொடுத்துவிடும். இந்த நான்கு எண்களையும் விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பரீட்சையில் பாதிப் பயம் போய்விடும்.

"ரெண்டு டேங்க் வச்சேன், விடையில ஒண்ணுதான் இருக்கு"

இந்தப் புகாரில் விஷயம் அதிகம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு கேன்களை இப்போது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மோட்டாரிலிருந்து ஒரு பைப், ஒய் ஜாயின்ட் போட்டு இரண்டு கேன்களுக்கும் சமமாகப் பிரிகிறது. அடிக்குழாய்களும் ஒரே அளவு.

ம₁′ = −ம₁ + யு
ம₂′ = −ம₂ + யு
ஒய் = ம₁ + ம₂

டிரான்ஸ்பர் ஃபங்ஷன் 2/(எஸ் + 1). டேங்க் இரண்டு, பகுதியில் எஸ் ஒரு படிதான். மாணவி ஒருத்தி இரண்டு மணி நேரம் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, "சார், எங்கயோ ஒண்ண முழுங்கிட்டேன்" என்றாள். முழுங்கியது அவள் இல்லை, டிரான்ஸ்பர் ஃபங்ஷன்.

மோட்டாரால் இரண்டு மட்டங்களையும் தனித்தனியாக ஆள முடியுமா என்று பார்க்க, பி-யையும் ஏபி-யையும் பக்கத்தில் வைத்தால் [1 −1; 1 −1]. டிட்டர்மினன்ட் பூஜ்யம், ரேங்க் (ஒன்றிலிருந்து இன்னொன்று கிடைக்காத வரிசைகளின் எண்ணிக்கை) 1. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. எந்த ஒன்று கைக்கு அகப்படவில்லை? கழித்துப் பாருங்கள். வித்தியாசம் வி = ம₁ − ம₂ என்றால் வி′ = −வி. மோட்டார் அந்தச் சமன்பாட்டுக்குள் வரவே இல்லை. மோட்டாரை என்ன செய்தாலும் இரண்டு மட்டங்களும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒன்றை மட்டும் உயர்த்த அதனால் ஆகாது.

இதற்குக் கன்ட்ரோலபிலிட்டி என்ற பெயரும் சோதனையும் கொடுத்தவர் ருடால்ஃப் கால்மன். 1960ல் மாஸ்கோவில் நடந்த பன்னாட்டு தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பின் முதல் மாநாட்டில் இதை முன்வைத்தார். கட்டுப்படுத்த முடிவது, முடியாதது, வெளியே தெரிவது, தெரியாதது என்று ஒரு சிஸ்டத்தை நான்கு அறைகளாகப் பிரிக்கலாம். கட்டுப்படுத்தவும் முடிந்து, வெளியேயும் தெரியும் அந்த ஓர் அறை மட்டும்தான் டிரான்ஸ்பர் ஃபங்ஷனில் வரும் என்பதை 1963ல் கில்பர்ட் தெளிவாக்கினார். மற்ற மூன்று அறைகள் அதில் கிடையாது. டிரான்ஸ்பர் ஃபங்ஷனாக எழுதியதைத் திரும்பப் பழையபடி மாற்ற முடியாது என்று மேலே சொன்னது இதைத்தான். அந்த மூன்று அறைகளில் என்ன நடக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரேங்க் குறைகிறது என்று மட்டும் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எந்த ஐகன் மதிப்பு (ஏ-யின் சொந்த எண், எதிர்மம் என்றால் அந்தப் போக்கு அடங்கும், நேர்மம் என்றால் வளரும்) கைக்கு வரவில்லை என்று தெரிய வேண்டும். அதற்குப் போபோவ், பெலெவிட்ச், ஹாட்டஸ் மூவர் பெயரில் வரும் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு ஐகன் மதிப்பையும் எஸ் இருக்கும் இடத்தில் போட்டு, (எஸ்ஐ − ஏ) மேட்ரிக்ஸோடு (ஐ என்பது அலகு மேட்ரிக்ஸ்) பி-யையும் ஒட்டி ரேங்க் பாருங்கள். இங்கே −1 போட்டால் [0 0 1; 0 0 1], ரேங்க் 1. ஆக அகப்படாதது −1. அது எதிர்மம், தானாகவே அடங்கிவிடும். அதனால் இந்தக் கேன்களை அப்படியே விட்டுவிடலாம். அகப்படாதது எல்லாம் ஆபத்தானது இல்லை.

எப்போது ஆபத்து? எங்கள் தெருவில் ஒரு மூன்று மாடி வீட்டில் இரண்டு ஓவர்ஹெட் டேங்க். ஒரே மோட்டார், ஒரே பைப், மேலே போய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு டேங்க் வழியும்போது இன்னொன்று முக்கால்கூட நிரம்பியிருக்காது. மோட்டாரை மாற்றினார்கள், ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போட்டார்கள், வழிவது நிற்கவில்லை. சமன்பாடு எழுதினால் காரணம் உடனே தெரியும். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் அளவு மட்டத்தைப் பொறுத்து மாறுவதில்லை, அதனால் ஏ முழுக்கப் பூஜ்யம். வித்தியாசத்தின் ஐகன் மதிப்பும் பூஜ்யம். மோட்டாரால் அதைத் தொட முடியாது, அதுவாகவும் அடங்காது. பைப் பிரியும் இடத்தில் 51க்கு 49 என்று சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தால் போதும், வித்தியாசம் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகும்.

பிளம்பர் வந்தார். பார்த்தார். "ரெண்டையும் அடில ஒரு பைப்பு போட்டு சேத்து வுட்டுட்டா, அதுங்களே லெவல் பாத்துக்கும் வாத்தியாரே." அவ்வளவுதான். அந்த அடிப்பைப்பைக் கணக்கில் எழுதினால் ஏ = [−கே கே; கே −கே], கே என்பது அந்தப் பைப் தண்ணீர் விடும் அளவு. ஐகன் மதிப்புகள் 0, −2கே. பி = [1; 1] என்பதால் ஏபி இப்போதும் [0; 0], ரேங்க் இப்போதும் 1. மோட்டாரால் வித்தியாசத்தை இன்னும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தின் ஐகன் மதிப்பு பூஜ்யத்திலிருந்து −2கே ஆகிவிட்டது. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்கும் விஷயத்தை அவர் அரை இஞ்ச் பைப்பில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சென்சார் பக்கமும் இதே கதைதான், தலைகீழாக. முதல் புகாரில் இருந்த மேல் கேன், கீழ் கேனையே எடுங்கள். சென்சாரைக் கீழ் கேனில் வைத்தால் சி = [0 1], சிஏ = [2 −1]. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் டிட்டர்மினன்ட் −2, இரண்டு மட்டங்களையும் கணித்துவிடலாம். சென்சாரை மேல் கேனில் வைத்தால் சி = [1 0], சிஏ = [−2 0], ரேங்க் 1. கீழ் கேனில் என்ன நடக்கிறது என்று மேல் கேனுக்குத் தெரியாது, தண்ணீர் மேலே ஏறாதே. அப்சர்வர் (அளக்காத மட்டத்தையும் கணித்துச் சொல்லும் கணக்கு) எழுதி அது ஒத்துவரவில்லை என்று புலம்புகிறவர்கள் கெய்னைத் தொடும் முன் சென்சார் எந்தக் கேனில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

"கெய்ன் 200னு வருது சார், கோடு தப்பா?"

கோடு சரியாகவே இருக்கும். கெய்ன் என்பது சென்சார் காட்டுவதை எத்தனை மடங்காக்கி மோட்டாருக்கு அனுப்புகிறோம் என்பது. மேலே பார்த்த இரட்டைக் கேன்களில் இரண்டாவது கேனின் அடிக்குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து ம₂′ = −அம₂ + யு என்று ஆக்குங்கள், அ என்பது அந்தக் குழாயின் திறப்பு. போல்களை, அதாவது டிரான்ஸ்பர் ஃபங்ஷனின் பகுதி பூஜ்யமாகும் எஸ் மதிப்புகளை, −2, −3 என்ற இடங்களில் வைக்க வேண்டும். யு = −கே₁ம₁ − கே₂ம₂ என்று போட்டுப் பல்லுறுப்புக்கோவையை எஸ்² + 5எஸ் + 6 உடன் ஒப்பிட்டால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்:

கே₁ + கே₂ = 4 − அ
அகே₁ + கே₂ = 6 − அ

கழித்தால் கே₁ = 2/(அ − 1). அந்த அ − 1 பகுதியில் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. அ = 2 என்றால் கே₁ = 2, கே₂ = 0. அழகான விடை. அ = 1.01 என்றால் கே₁ = 200, கே₂ = −197.01. இரண்டு கேன்களும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். மோட்டார் இரண்டையும் சேர்த்தே தள்ளும் என்பதால், அவற்றுக்குள் இருக்கும் நூலிழை வித்தியாசத்தை வைத்துப் பிரித்து ஆள வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த 200. முதல் கேன் சென்சார் ஒரு சென்டிமீட்டர் தப்பாகக் காட்டினால் மோட்டாருக்குப் போகும் கட்டளை 200 அலகு தப்பும். கேன் எல்லாம் மாடியிலிருந்து கீழே போய்விடும்.

இப்போது அந்த முதல் கேள்வி. இது டேங்க்கா, தாளா? [பி ஏபி]யின் டிட்டர்மினன்ட் இங்கே −0.01. சின்ன எண் என்பதால் மட்டும் பயப்படாதீர்கள், ஏனென்றால் அலகை மாற்றினால் டிட்டர்மினன்டும் மாறும். பிளான்ட்டில் ஒரு மாறியை மில்லிமீட்டரிலும் இன்னொன்றை மீட்டரிலும் எழுதிவிட்டு, மேட்ரிக்ஸ் ஒத்துழைக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதியதும் எச்சரிக்கை மறைந்தது, அது தாளில் இருந்த கோளாறு. ஆனால் இந்தக் கேன்களில் இரண்டும் ஏற்கெனவே சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. [1 −1; 1 −1.01] என்பதன் இரண்டு வரிசைகளும் கிட்டத்தட்ட ஒரே திசையைப் பார்க்கின்றன. எந்த அலகில் எழுதினாலும் சென்சாரின் அந்த ஒரு சென்டிமீட்டர் தப்பு மோட்டாரில் அதே அளவு ஆட்டத்தைத்தான் கொடுக்கும். மருந்து மாடியில் இருக்கிறது. ஒரு குழாயை நன்றாகத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது மோட்டார் வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால் −1ல் இருக்கும் போலை நகர்த்தும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆக்கர்மன் 1972ல் கொடுத்த சூத்திரம் கையால் போட வசதியானது. ஆனால் அது [பி ஏபி ...] மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கித்தான் வேலை செய்யும். நிலை மாறிகள் ஆறு, ஏழு என்று போனால் அந்த மேட்ரிக்ஸ் நோஞ்சானாகிவிடும். அதற்கு மேல் கம்ப்யூட்டரில் இருக்கும் பிளேஸ் கட்டளையை நம்புங்கள், பரீட்சைக்கு மட்டும் ஆக்கர்மன்.

"கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது, நிஜத்துல கவுந்துடுது"

துடைப்பத்தை உள்ளங்கையில் நிற்க வைக்கும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அது சாயும் போக்கை மட்டும் எடுத்து 1/(எஸ் − 1) என்று எழுதிக்கொள்வோம், நேரம் நொடியில். வலது பாதியில் (பூஜ்யத்துக்கு வலப்புறம், அடங்காமல் வளரும் பக்கம்) ஒரு போல். கெட்டிக்காரப் பையன் ஒருவன் (எஸ் − 1)/எஸ் என்று கன்ட்ரோலர் போட்டு, மேலும் கீழும் அடித்துவிட்டு, லூப் 1/எஸ் என்கிறான். ஃபீட்பேக் கொடுத்தால் 1/(எஸ் + 1). படம் வரைந்தால் வழவழவென்று ஏறி நிற்கிறது.

அடிக்காமல் எழுதுங்கள்: எஸ்(எஸ் − 1) + (எஸ் − 1) = (எஸ் − 1)(எஸ் + 1). அந்த 1 போகவே இல்லை. நிலை மாறிகளில் எழுதினால் ஏ = [0 −1; −1 0]. மூலைவிட்டக் கூட்டல் 0, டிட்டர்மினன்ட் −1, ஐகன் மதிப்புகள் 1, −1. பி = [1; 1], ஏபி = [−1; −1]. இரட்டைக் கேன் கதையேதான் மறுபடி, இந்தத் தடவை அகப்படாமல் போனது வளரும் மதிப்பு. கம்ப்யூட்டரில் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குவதால் அது விழித்துக்கொள்வதில்லை. நிஜத்தில் துடைப்பம் 1 மில்லிமீட்டர் சாய்ந்து தொடங்கினால், இந்தக் கணக்குப்படி 10 நொடியில் அது 11 மீட்டர். உண்மையில் அதற்கு ரொம்ப முன்பே தரையில் கிடக்கும்.

இதைப் பிடிக்கச் சுலபமான வழி, சிமுலேஷனை ஒரு தடவையாவது பூஜ்யமல்லாத ஆரம்ப நிலையிலிருந்து ஓட்டுவது. இல்லையென்றால் குறுக்கீட்டை ரெஃபரன்ஸ் இடத்தில் கொடுக்காமல் பிளான்ட்டின் வாயிலில் கொடுத்துப் பாருங்கள். அங்கிருந்து ஒய் வரை எழுதினால் எஸ்/((எஸ் − 1)(எஸ் + 1)) என்று வரும், ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடும். இடது பாதியில் இருக்கும் போலை அடித்தால் பரவாயில்லை. வலது பாதியில் இருப்பதை அடிக்கவே கூடாது. "கிட்டத்தட்ட அடிபட்டுவிட்டது" என்பதும் கூடாது.

"ரவுத் டேபிள்ல ஒரு வரிசை முழுக்க ஜீரோ"

மூலங்களைக் கண்டுபிடிக்காமலே வலது பாதியில் எத்தனை என்று சொல்வது ரவுத் டேபிள். இது கோளாறு இல்லை, சிஸ்டம் உங்களிடம் ஒன்று சொல்கிறது. மூன்று கேன்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் 1/(எஸ் + 1) என்று குழாய்களைச் சரிசெய்து, கடைசி மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டுகிறோம். கெய்ன் கே. பல்லுறுப்புக்கோவை எஸ்³ + 3எஸ்² + 3எஸ் + (1 + கே). முதல் நெடுவரிசை பூஜ்யத்துக்கு மேல் இருக்க 9 > 1 + கே, அதாவது கே 8க்குக் கீழே. கே = 8 என்று வைத்தால்:

எஸ்³: 1, 3
எஸ்²: 3, 9
எஸ்¹: 0

பூஜ்ய வரிசைக்கு மேலே இருப்பதை எடுத்து 3எஸ்² + 9 = 0 என்று எழுதுங்கள். கற்பனை அச்சில் ±√3. அலைவு நேரம் 2π/√3, சுமார் 3.6 நிமிடம். மட்டம் நிற்காமல் ஊசலாடினால் பிளான்ட்டில் லூப் ஹன்ட் ஆகிறது என்பார்களே, அந்த ஹன்டிங்கின் நேரத்தை டேபிள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மாடியில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம், நான்கு நிமிடத்தை ஒட்டி வந்தது. பைப்பிலும் சென்சாரிலும் கொஞ்சம் தாமதம் இருக்கும்தானே. டேபிளைத் தொடர வேண்டும் என்றால் 3எஸ்² + 9ஐ வகையிட்டு 6ஐப் பூஜ்யம் இருந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முழு வரிசையும் பூஜ்யம் இல்லை, முதல் இடம் மட்டும் பூஜ்யம் என்றால் அது வேறு விஷயம். எஸ்⁴ + எஸ்³ + 2எஸ்² + 2எஸ் + 3ஐ எடுங்கள். மூன்றாவது வரிசை 0, 3. பூஜ்யத்தின் இடத்தில் எப்சிலான் என்ற மிகச் சின்ன எண்ணைப் போடுவது புத்தக வழி. எனக்குப் பிடித்தது கெழுக்களைத் தலைகீழாக எழுதுவது: 3, 2, 2, 1, 1. எஸ்-க்குப் பதில் 1/எஸ் போட்டது போல. மூலங்கள் எந்தப் பாதியில் இருக்கின்றன என்பது மாறுவதில்லை, வலது வலதாகவே இருக்கும். இப்போது முதல் நெடுவரிசை 3, 2, 0.5, −3, 1. குறி இரண்டு முறை மாறுகிறது, வலது பாதியில் இரண்டு மூலங்கள். எல்லா நேரமும் இது கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கைகொடுக்கும்போது அரைப் பக்கம் மிச்சம்.

ரவுத் இதை 1877லேயே செய்துவிட்டார். அது தெரியாமல் 1895ல் ஹர்விட்ஸ் டிட்டர்மினன்ட் வழியில் அதே இடத்துக்கு வந்தார். டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் சிக்கிக்கொண்ட ஸ்டோடோலா என்ற இன்ஜினியர் போய்க் கேட்டதால் வந்த வேலை அது. கணக்கு வாத்தியாரிடம் மெஷின்காரன் போய் நிற்பது அன்றைக்கே நடந்திருக்கிறது.

சில்லறைப் புகார்கள்

ஒரே மூலம் பல முறை வரும் கோவைக்குக் கம்ப்யூட்டர் விசித்திரமான மூலங்களைக் கொடுத்தால் அது தாளின் கோளாறு. (எஸ் + 1)ஐப் பத்து முறை பெருக்கி விரித்துவிட்டு மூலம் கேட்டால், இரண்டாவது தசம இடத்திலேயே தப்பு வரும், சிக்கலெண்கள்கூட வரும். பத்து கேன்களுக்கு ஏ மேட்ரிக்ஸ் எழுதினால் அது முக்கோணமாகத்தான் இருக்கும், மூலைவிட்டத்தில் −1, −1 என்று கண்ணாலேயே படித்துவிடலாம். எதற்கு விரிக்கிறீர்கள்? வில்கின்சன் 1 முதல் 20 வரை மூலங்கள் உள்ள கோவையை எடுத்து, −210 என்ற ஒரு கெழுவைச் சுமார் 0.00000012 அளவுக்கு நகர்த்திக் காட்டினார். பத்து மூலங்கள் சிக்கலெண்களாகிவிட்டன.

இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு இருக்கும் டிரான்ஸ்பர் மேட்ரிக்ஸில் நான்கு இடத்திலும் 1/(எஸ் + 1) இருந்தால், நிலை மாறிகள் நான்கு தேவை என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்று போதும். தொகுதி எண்களை [1 1; 1 1] என்று எடுத்து ரேங்க் பாருங்கள், 1. அதே இடத்தில் [1 1; 1 2] இருந்தால் ரேங்க் 2, மாறிகள் இரண்டு.

பிளாக் டயகிராமைச் சுருக்கும்போது விடை தலைகீழாக வந்தால் 1 + லூப்பா, 1 − லூப்பா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேதான்.

"ஏத்துனா முதல்ல இறங்குது"

பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று இருக்கின்றன. அந்த மாதிரி யூனிட்டின் பாய்லர் டிரம்மில் மட்டம் குறைகிறது என்று ஃபீட் வாட்டரைக் கூட்டினால், மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டுத்தான் ஏறும். உள்ளே தண்ணீரோடு நீராவிக் குமிழிகள் கலந்திருக்கின்றன. குளிர்ந்த தண்ணீர் போனதும் குமிழிகள் சுருங்கிவிடுகின்றன. ஆபரேட்டர்கள் ஷ்ரிங்க் என்பார்கள்.

தண்ணீர் சேர்வதை 1/எஸ் என்றும், குமிழி சுருங்குவதை 2/(எஸ் + 1) என்றும் எழுதி, நேர அளவை வசதிக்கு ஏற்ப எடுத்துக்கொண்டு கழித்தால்:

1/எஸ் − 2/(எஸ் + 1) = (1 − எஸ்)/(எஸ்(எஸ் + 1))

மேலே 1 − எஸ். ஜீரோ (மேலே இருப்பது பூஜ்யமாகும் எஸ் மதிப்பு) வலது பாதியில், +1ல். புதிதாக வந்த இன்ஜினியர்கள் முதலில் சந்தேகப்படுவது டிரான்ஸ்மிட்டரை. நானும் சந்தேகப்பட்டேன். ஒரு யூனிட்டில் ராத்திரி ஷிஃப்டில் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, சோதித்து, திரும்ப மாட்டினேன். ஒன்றும் இல்லை. சீனியர் சிரித்துக்கொண்டே, "அத ஏம்பா கழட்டுன, அது உண்மையத்தான் சொல்லுது" என்றார்.

முதல் கேள்வியை இங்கே கேட்டால் பதில் தெளிவாக வரும். நிலை மாறிகளை எப்படி மாற்றினாலும் இந்த ஜீரோ நகராது. ஃபீட்பேக் கொடுத்தாலும் நகராது, நிலை ஃபீட்பேக்கிலும் போல்கள்தான் நகரும், ஜீரோ அங்கேயே இருக்கும். அதை அடிக்கலாம் என்று கன்ட்ரோலரில் 1/(1 − எஸ்) போட்டால் துடைப்பக் கதையாகிவிடும். ஆக இது முழுக்க முழுக்க டேங்க்கின் குணம்.

என்ன செய்யலாம்? கெய்ன் கே போட்டு மூடினால் எஸ்² + (1 − கே)எஸ் + கே. கே 1ஐத் தாண்டினால் ஆட்டம் வளரும். 0.9ல் தாண்டவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், தணிப்பு 0.05தான், மட்டம் நெடுநேரம் ஊசலாடிக்கொண்டிருக்கும். 0.3ல் தணிப்பு 0.64, சாதுவாக வந்து நிற்கும். அதற்கு மேல் வேகம் வேண்டும் என்றால் மட்டத்தை மட்டும் நம்பாமல் நீராவி ஓட்டத்தையும் ஃபீட் வாட்டர் ஓட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பாய்லர்களில் த்ரீ எலிமென்ட் கன்ட்ரோல் என்று இருப்பது அதற்குத்தான். நீராவி எவ்வளவு போகிறதோ அவ்வளவு தண்ணீரை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மட்டத்தைக் கடைசித் திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மீட்டரும் இல்லாத சின்ன பாய்லராக இருந்தால் கே-யை 0.3 பக்கம் வைத்துவிட்டு, முதல் ஒரு நிமிடம் மட்டம் இறங்குவதைப் பார்த்து யாரும் வால்வைக் கையால் திருகாதபடி பேனலில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.